மூன்று பேப்பரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

பாஸ்கரா,

இந்தக் கடிதத்தை மூன்று இடங்களில் எழுதிப் பார்த்துவிட்டேன். நேற்று மதியம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கினேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியபோது வீட்டுக்கு நடக்கக் கால் வரவில்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். படித்தால் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். இன்று சனிக்கிழமை. ஆபீஸுக்குப் போகவில்லை. உன் மேசையில், உன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் நான்கு தடவை எழுந்து வாசல்வரை போய் வந்தாயிற்று. உன் அம்மா இரண்டு முறை, "உடம்புக்கு என்ன, சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டாள். நீ வேலை விஷயமாகக் கேளம்பாக்கத்தில் நண்பன் அறையில் தங்கியிருக்கிறாய் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உன் பெயருக்கு வந்த கவரை நான் பிரித்திருக்கக் கூடாது. கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் வேலை நிரந்தரமான ஆர்டர் என்று நினைத்து, பெருமை தாங்காமல் பிரித்தேன். பட்டச் சான்றிதழைப் பலமுறை கேட்டும் நீ தரவில்லை, கல்லூரியில் விசாரித்ததில் மூன்று பாடங்களில் நீ இன்னும் தேறவில்லை என்று தெரிகிறது, ஆகவே இனி வேலை இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான்கு முறை படித்தேன். புதன்கிழமை நீ வந்தாய், மேசைமேல் அந்தக் காகிதத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். நான் உன்னைக் கூப்பிடவில்லை. கோபத்தால் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை வருஷமாக நீ பாஸ் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கமான முகம். அதே முகத்தோடு நான் பத்தொன்பது நாள் இந்தக் காலனியில் நடமாடியிருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டிக் கதை உனக்குத் தெரியும். உன் மாமா வரும்போதெல்லாம் சொல்லுவார். "உங்கப்பா கட்டின தொட்டி சாஞ்சுபோச்சு. ஆனா மனுஷன் மீட்டிங்ல எழுந்து நின்னு, தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டார்டா." அவர் சொல்லி முடிக்கும்வரை நான் அடக்கமானவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். தொட்டி சாய்ந்த நாளுக்கும் நான் வாயைத் திறந்த நாளுக்கும் நடுவில் பத்தொன்பது நாள் இருந்ததை மாமா சொல்லுவதில்லை. அவருக்குத் தெரியாது. உன்னிடம் நானும் சொன்னதில்லை.

அப்போது நீ இரண்டாம் வகுப்பு. மாடம்பாக்கம் பக்கம் நம் காலனி போட்டு நான்கைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. சுற்றிலும் இன்னும் நெல் வயல்தான். எல்லாரும் ஆபீஸ் போகிறவர்கள், வாத்தியார்கள், காலை ரயிலைப் பிடிக்க சைக்கிளில் ஓடுகிறவர்கள். வீட்டுக் கிணறுகள் கோடையில் வற்றிப்போகும். பொதுக் கிணறு ஒன்று வெட்டி, மேல்நிலைத் தொட்டி கட்டி, தெருவுக்குத் தெரு குழாய் போடுவதென்று சங்கத்தில் முடிவானது. நான்தான் சங்கச் செயலாளர். ஒரு கட்டடக் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். எஞ்சினியர் சொல்வதை வரைகிறவனே தவிர எஞ்சினியர் அல்ல. காலனியில் அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. எல்லாரும் "எஞ்சினியர் சார்" என்றார்கள், நானும் திருத்தவில்லை. வரைபடம் நானே போட்டேன், மேற்பார்வையும் நானே என்றேன். கட்டும் வேலையை மாடம்பாக்கம் தேவராஜ் மேஸ்திரியிடம் கொடுத்தோம். அவர் குடும்பம் இந்த இடத்தில் பயிர் வைத்த குடும்பம். நிலம் மனையான பிறகு அவர் கொத்தனார் கரண்டியைப் பிடித்தவர்.

அஸ்திவாரக் குழி தோண்டிய அன்று அவர் வடகிழக்கு மூலைக் குழிக்குள் இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்தார். "சார், இந்த மூலைல பழைய வாய்க்கா ஒண்ணு போச்சு. நாங்கதான் தூத்தோம். இது தூத்த மண்ணு சார், கெட்டி கெடையாது. இன்னும் நாலடி எறங்கணும்" என்றார். நான் கையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். "லே அவுட் பிளான்ல வாய்க்கால் எதுவும் இல்லையே" என்றேன். "பிளான்ல இல்ல சார். பூமில கீது" என்றார். பக்கத்தில் சங்கத்துக்காரர்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குச் சுருக்கென்று பட்டது. "மேஸ்திரி, நீங்க கட்டுற வேலையைப் பாருங்க. எவ்வளவு ஆழம்னு சொல்ல நான் இருக்கேன்" என்றேன். அவர் குழியிலிருந்து ஏறி வந்துவிட்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது உன் அம்மாவிடம் அதையே அவர் குரலில் சொல்லிக் காட்டிச் சிரித்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

தண்ணீர் ஏற்றிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், தேங்காய் உடைத்தார். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். என் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். பத்து மணிக்கு மோட்டார் போட்டோம். பதினொன்றரைக்குத் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருக்கும். தரைக்கு அடியில் யாரோ பலகையை முறிப்பதுபோல ஒரு சத்தம். வடகிழக்குத் தூண் ஒரு சாண் இறங்கியது, தொட்டி தலையைச் சாய்த்தது. அந்தப் பக்கம் பத்தடி தள்ளி ஓட்டு வீடு ஒன்று, உள்ளே பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத பெண் படுத்திருந்தாள். கூட்டம் ஓடியது. நானும் ஓடினேன், பாஸ்கரா. தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தேவராஜ் தொட்டியின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். தொட்டிக்கு அடியில் தண்ணீரை வெளியேற்றும் வால்வு இருந்தது. சாய்ந்து நிற்கிற தொட்டிக்குக் கீழே தொங்கிக்கொண்டு அதைத் திறந்தார். தண்ணீர் பீய்ச்சி அடித்த வேகத்தில் அவரைத் தூக்கிக் கீழே போட்டது. தொட்டி காலியாகி, சாய்ந்தபடியே நின்றுவிட்டது. அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேவராஜுக்கு இடது தோள் எலும்பு முறிந்தது.

அன்று சாயங்காலமே தலைவர் வீட்டில் கூடினோம். ஒருவர், "சிமெண்ட்டைக் குறைச்சுப் போட்டிருப்பான் சார். இவங்க எல்லாம் அப்படித்தான்" என்றார். இன்னொருவர், "அதான் பயந்து ஓடிப்போய் வால்வைத் திறந்திருக்கான்" என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொரு கலவையையும் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஒரு சட்டி குறையவில்லை. வாய்க்காலைப் பற்றி அவர் சொன்னபோது கூட நின்றிருந்த நான்கு பேரும் அங்கே இருந்தார்கள். அவர்களும் பேசவில்லை. நான், "விசாரிக்கணும்" என்றேன். பொய்யே சொல்லாமல் ஒரு மனுஷனை முடிக்க அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மறுநாளே காலனியில் பாதி கட்டியிருந்த இரண்டு வீடுகளிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த பத்தொன்பது நாளும் நான் ஒழுங்காக ஆபீஸ் போனேன், வந்தேன். "விசாரணை எதுவரைக்கும் வந்தது சார்?" என்று ரயிலில் கேட்பார்கள். "பாத்துட்டிருக்கேன்" என்பேன். சாய்ந்த தொட்டியைப் பார்க்க முடியாமல் ஒரு தெரு சுற்றிக்கொண்டு வருவேன். தெருவில் யாராவது செருமினால்கூட என்னைக் கூப்பிடுகிறார்களோ என்று நடையை எட்டிப் போடுவேன். தோற்றுப்போன துக்கம் எனக்கு இரண்டு நாளில் ஆறிவிட்டது. மறைக்கிற வேலைதான் ஓயவே இல்லை. நீ ஒன்றரை வருஷம் எப்படித் தாங்கினாய் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

உன் அம்மாதான் அதை உடைத்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்க்காமலே, "வாய்க்கால் இருக்குன்னு அவர் சொன்னதை என்கிட்ட வந்து சொல்லிச் சிரிச்சீங்களே. அன்னிக்கு நானும் சிரிச்சேன். இப்ப நானும் பேசாம இருக்கேன். எனக்குச் சோறு இறங்கலைங்க" என்றாள். மறுநாள் ஆபீஸிலிருந்து நேரே மாடம்பாக்கம் போனேன். கோயிலுக்குப் பின்தெருவில் அவர் வீடு. கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என்மேல்தான் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று கையைக் கூப்பினேன். சொல்லும்போதே எனக்குப் பாரம் இறங்கியமாதிரி இருந்தது, கண்கூட கலங்கியது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இத்த என்னாண்ட வந்து சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்களாண்ட போய்ச் சொல்லு" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அதுவரை என்னை 'நீங்க' என்றவர், அன்று 'சொல்லு' என்றார். அது எனக்கு வேண்டியதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் எழுந்து சொன்னேன். உன் மாமா சொல்வதுபோல அது வீரமாக ஒன்றும் இல்லை. வாய் குழறியது, நடுவில் தண்ணீர் கேட்டேன். நான் எஞ்சினியரே இல்லை என்பதையும் சொன்னேன். தலைவர், "இத்தனை நாள் எங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டீங்க" என்றார். செயலாளர் பதவியிலிருந்து எடுத்தார்கள். அந்த ஓட்டு வீட்டுக்காரர் என் சட்டையைப் பிடித்தார், பிறகு அவரே விட்டுவிட்டார். தேவராஜுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் தோளுக்குமேல் அவர் இடது கை அதற்குப் பிறகு எழும்பவே இல்லை. சுவரின் மேல்பகுதிப் பூச்சுக்கு இன்றைக்கும் அவர் வேறு ஆள்தான் வைத்துக்கொள்கிறார். நான் ஒத்துக்கொண்டதால் சரியாகாத விஷயம் அது. உண்மையைச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று உனக்கு நான் எழுதமாட்டேன்.

அதற்குப் பிறகு நான் இன்னொரு தப்பும் செய்தேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் பொறுப்பும் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டேன். ஆபீஸில் புது வேலை கொடுத்தால், "எனக்கு வராது சார்" என்பேன். காலனிக் கூட்டத்துக்குப் போவதில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடு என்று நீ கேட்டபோதுகூட மாமாவைக் கேள் என்றேன், ஞாபகம் இருக்கிறதா? நான் தொட்டது விளங்காது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, பாஸ்கரா. யாரும் நம்மிடம் எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள். இப்படி இரண்டு வருஷம் போனது.

ஒருநாள் காலை தேவராஜ் நம் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். புதுத் தொட்டி கட்டுகிற வேலை அவருக்கே வந்திருந்தது. "வரைபடம் போட்டுக் குடு சார்" என்றார். "வேற ஆளைப் பாருங்க மேஸ்திரி. எத்தனையோ எஞ்சினியருங்க இருக்காங்க" என்றேன். "கீறாங்க. ரெண்டு பேராண்ட போய்ட்டுத்தான் வரேன். எடத்தையே பாக்காம உக்காந்த எடத்துல பிளான் போட்டுத் தரேன்றாங்க. எனக்குப் பயந்த ஆளு வேணும் சார். நீதான் ராத்திரிலாம் தூங்காம பத்து தபா பாப்ப" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என்னை உபயோகமுள்ளவனாக அவர் நினைத்தார். அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போனேன். அந்த வயல்களில் வேலை செய்த வயசானவர்கள் ஐந்து பேரைத் தேடிப் பிடித்து, எங்கே வாய்க்கால் போனது, எங்கே கிணறு இருந்தது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக நடக்கவைத்து, அவர்கள் நடந்த தடத்தில் முளை அடித்து, அதை வரைந்துகொண்டேன். கிணற்றை மட்டும் இருவர் இரண்டு இடமாகக் காட்டினார்கள். இரண்டையுமே விட்டுவிட்டு இடம் பார்த்தோம். ஆபீஸில் என்னைவிடப் பத்து வயது சின்னவரான எஞ்சினியரிடம் என் படத்தைக் காட்டி, "திருத்திக் கொடுங்க சார்" என்று கேட்டேன். ஏழு இடத்தில் சிவப்பு மை போட்டுக் கொடுத்தார். குழியில் நானே இறங்கி மண்ணைக் கசக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தேவராஜுக்குத் தலையாட்டினேன் என்று நினைக்காதே. மழை வருமுன் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரித்துவிடலாம் என்றார் அவர். இன்னும் நான்கு நாள் கான்கிரீட் இறுகட்டும் என்றேன் நான். "உங்க பேஜார் தாங்கல சார்" என்றார். ஆனால் பிரிக்கவில்லை. தண்ணீர் ஏற்றிய அன்று பொங்கலும் இல்லை, தேங்காயும் இல்லை. இருவரும் காலையிலிருந்து சாயங்காலம்வரை தூண்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தோம். நீ இந்தப் பதினான்கு வருஷமாகக் குளிக்கிற தண்ணீர் அந்தத் தொட்டியுடையது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், புதன்கிழமையிலிருந்து நான் மறுபடியும் பழைய ஆளாகிவிட்டேன். உன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் என் ஆபீஸ் பையில் இருக்கிறது. உன் பெயருக்குப் பின்னால் 'பி.இ.' என்று போட்டிருக்கிறது. எழுத்துப்பிழையெல்லாம் திருத்திவிட்டேன், அந்த இரண்டெழுத்தை மட்டும் தொடவில்லை. நவம்பரில் பரீட்சை, தை மாதம் கல்யாணம், நடுவில் நீ எழுதித் தேறிவிட்டால் குரோம்பேட்டைப் பெண்வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே வேண்டாம், சுமதிக்கும் தெரியவேண்டாம் என்று ரயிலில் மனசுக்குள் திட்டம் போட்டேன். நல்ல பையன், ஒழுக்கமானவன், மூன்று பேப்பர் என்ன பெரிய விஷயம் என்று எனக்கு நானே வாதாடினேன். வாதம் சரிதான். மூன்று பேப்பர் பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்தப் பெண் உன்னோடு வாழ வருகிறவள். அவளை வைத்துக்கொண்டு நீ எத்தனை நாள் ஒரு தெரு சுற்றிப் போவாய்?

இந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. உன் அம்மா வந்து, "யாருக்கு இவ்வளவு பெரிய லெட்டர்?" என்று கேட்டாள். மறைக்கத்தான் கை போனது. பிறகு கம்பெனிக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பாக இருந்தால் என்னைக் கோபித்துக்கொள், ஆனால் இன்னும் ஒரு நாள் அவளிடம் நடிக்க என்னால் ஆகாது. கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, "எந்தெந்த பேப்பர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "அதைக்கூடக் கேக்காம மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கீங்களா?" என்றாள். நாமே குரோம்பேட்டைக்குப் போய்ச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "நாம சொன்னா அவனைப் பத்திக் கோள் சொன்ன மாதிரி ஆகும். அவன் வாயால சொல்லட்டும். சுமதிகிட்ட முதல்ல சொல்லட்டும், அப்புறம் அவங்க அப்பாகிட்ட" என்றாள். பேப்பர்களின் பெயரை மறக்காமல் எழுதி அனுப்பச் சொல்கிறாள், பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கப்போகிறாளாம்.

இதோ, இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் பஸ் ஏறப்போகிறேன். நீ அறையில் இருந்தாலும் கதவைத் தட்டமாட்டேன். கதவிடுக்கில் வைத்துவிட்டு வந்துவிடுவேன், நிதானமாகப் படி. நாளை ஞாயிறு. காலை பத்து மணிக்குக் குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். நீ வந்தால் அவர்கள் தெருமுனைவரை உன்னோடு வருவேன். வீட்டுக்குள் நீ தனியாகத்தான் போகவேண்டும். என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்கு ஒத்திகை காட்டாதே, வார்த்தை சேர்ந்தாற்போல வராவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் கேள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்படி நடக்காது என்று உனக்குத் தைரியம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சரி என்றும் சொல்லலாம். எது நடந்தாலும் ரயில் ஏறவேண்டாம். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாகவே தாம்பரம்வரை நடந்து வருவோம். சானடோரியம் தாண்டுவதற்குள் நீ பேசினால் கேட்டுக்கொண்டு வருகிறேன், பேசாவிட்டால் நானும் பேசாமல் வருகிறேன்.

அப்பா